கரடிக்காகக் காத்திருக்கிறது

என் அக்காவுக்கு பஸ் டிப்போவில் நேரம் போடுகிற வேலை. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், யார் எடுக்க வேண்டும், யாருக்கு இன்று ஓய்வு என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். டிப்போவில் அவளுக்கு 'டைம் அக்கா' என்று பெயர். அவளைவிட மூத்த டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவாள். அதன் பிறகு அந்த நாளில் அவளுக்கு வேலையும் கிடையாது, பேச ஆளும் கிடையாது.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் சொந்தத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் நான் சொல்வது இது: பெண் பார்க்க வந்தவர்களையே "சொன்ன நேரத்துக்கு வந்திருக்கலாமே" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவள் அவள். அதற்கப்புறம் அம்மா படுக்கையில் விழுந்தாள். பல வருஷம் பார்த்துக்கொண்டது அக்காதான். நான் தூரத்தில் கல்யாணமாகிப் போயிருந்தேன். அம்மா போன பிறகு இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, துணி காயப்போட ஒரு கொடி, நடுவில் அவள். வீட்டில் கடிகாரங்கள் மட்டும் அறைக்கு ஒன்று வீதம் சரியாக ஓடிக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் தன் ஆபீஸில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் அவளிடம் வைத்துவிட்டு வந்தார். நாலு படம் பார்ப்பாள், பொழுது போகும் என்பது எங்கள் கணக்கு. அந்தப் பெட்டிக்குள் யாரோ ஒரு விளையாட்டை அழிக்காமல் விட்டிருந்தார்கள். கறுப்புத் திரை முழுக்க நட்சத்திரங்கள். நமக்கென்று ஒரு கிரகம். அதிலிருந்து கப்பல் விட்டு அக்கம்பக்கத்துக் கிரகங்களைப் பிடித்து, ஆள் குடியேற்றி, எதிராளியோடு சண்டையோ சமாதானமோ செய்துகொண்டு ராஜ்ஜியத்தைப் பெருக்க வேண்டும். முறை வைத்து ஆடுவது. நம் முறைக்கான கட்டளைகளை எல்லாம் கொடுத்து அனுப்பிவிட்டால், எதிராளி தன்னுடையதை முடித்து அனுப்புவார். அதுவரை திரையில் எல்லாம் அப்படியே நிற்கும்.

முதல் வாரம் எனக்கு போன் செய்து ஒரே புகார்.

"என்ன கண்றாவி விளையாட்டுடி இது! கப்பல் கிளம்பினா கிளம்பினதுதான், போயிட்டே இருக்கு. டீசல் யாரு ஊத்துவா? ஓட்டறவன் எப்ப தூங்குவான்?"

"அக்கா, அது ஆகாசக் கப்பல்."

"ஆகாசத்துல போனா மட்டும் வயிறு பசிக்காதா?"

இவள் அங்கேயும் போய் டிப்போ நடத்தப்போகிறாள் என்று அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்த விளையாட்டின் விதிகள் எல்லாம் சாதாரண எழுத்தாக, யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தும்படி உள்ளே இருந்திருக்கின்றன. கப்பலின் வேகம் ஓர் எண், பீரங்கியின் பலம் ஓர் எண். எண்ணை மாற்றினால் உலகம் மாறிவிடும். இப்படி விதிகளைத் திருத்தி ஒரு கட்டாக மற்றவர்களுக்கும் கொடுப்பதற்கு 'மாட்' என்று பெயராம். அக்கா முதல் தடவை கை வைத்ததில் எங்கேயோ ஒரு சைபரைத் தப்பாகப் போட்டு, எல்லாக் கப்பலிலும் எண்ணெய் காலியாகி, அண்டசராசரமும் நின்றுவிட்டது. "ஸ்டிரைக் நாள் மாதிரி இருந்துச்சுடி" என்று சொல்லிச் சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய மாட் உருவானது. பெயர் 'டிப்போ', வேறென்ன வைப்பாள்? அதில் ஒவ்வொரு கப்பலுக்கும் அளவான எண்ணெய்தான். தீர்ந்தால் ஏதாவது ஒரு டிப்போ கிரகத்துக்குத் திரும்ப வேண்டும், அல்லது கூடவே டேங்கர் கப்பல் போக வேண்டும். ஓய்வில்லாமல் ஓட்டினால் மாலுமிகள் களைத்துப்போய்த் தப்பாகச் சுடுவார்கள். ஒரே டிப்போவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இதை அவள் இணையத்தில் போட, உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் எடுத்து ஆட ஆரம்பித்தார்கள். பாராட்டியவர்களும் உண்டு. "இது விளையாட்டா, வேலையா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அக்காவுக்கு அது திட்டு என்றே கடைசி வரை உறைக்கவில்லை.

அப்படி வந்து சேர்ந்ததுதான் கரடி. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு கரடிப் படம், அவ்வளவுதான். டிப்போ மாட்டில் அக்காவோடு ஓர் ஆட்டம் ஆரம்பித்து, இரண்டு பேரும் நாளுக்கு ஒரு முறையாக வருஷக்கணக்கில் ஆடினார்கள். ஒவ்வொரு முறையோடும் ஒரு வரி சேதியும் வரும். இவளுடைய இங்கிலீஷையும் கரடியுடைய இங்கிலீஷையும் சேர்த்தால் ஒரு முழு வாக்கியம் தேறும். இங்கே மழை. இங்கே வெயில். கால் வலி. எனக்கும். நாளை உன் மூன்றாவது கிரகத்தைப் பிடிக்கிறேன். பிடி பார்க்கலாம்.

"யாருக்கா அது? சொல்லிடு, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்று நான் கிண்டல் செய்வேன்.

"போடி. ஆளு ஆடவே தெரியாத ஆளு" என்பாள். ஆனால் குரல் இளகியிருக்கும்.

ஆடத் தெரியாததுதான் கரடியின் விசேஷம். பெரிய படை திரட்டிக்கொண்டு இவள் எல்லைக்குக் கிளம்பிவிடும். டேங்கரை மட்டும் வீட்டிலேயே மறந்துவிடும். பாதி வழியில் எண்ணெய் தீர்ந்து அத்தனை கப்பலும் அந்தரத்தில் நிற்கும். ஒரு தடவை அக்கா மனசு கேட்காமல், "எங்க டிப்போவுல இருந்து ஒரு டேங்கர் அனுப்பறேன், அங்கேயே நில்லு" என்று எழுதி, நிஜமாகவே எதிரிப் படைக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறாள். கரடி அந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டு நேராக வந்து இவள் கிரகத்தையே பிடித்துவிட்டது. இந்தக் கதையை அவள் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. தோற்றுப்போனதைச் சொல்லி அப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

இங்கே டிப்போ சமாசாரம் ஒன்று சொல்ல வேண்டும். எந்த டிப்போவிலும் சில டிரைவர்களைச் சும்மா உட்கார வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஸ்பேர் என்று பெயர். வண்டி எடுக்க வேண்டியவன் வரவில்லை என்றால் ஸ்பேரை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வண்டி நிற்கக் கூடாது, அதுதான் அங்கே சட்டம். யார் ஓட்டுகிறார்கள் என்று பயணிகளிடம் யாரும் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. பஸ் வந்தால் போதும்.

அக்கா இதையும் மாட்டில் சேர்த்தாள். யாராவது தன் முறையை அனுப்பாமல் இருந்துவிட்டால், ஆட்டம் யாருடைய கம்ப்யூட்டரில் ஓடுகிறதோ அதுவே அவர் இடத்தில் உட்கார்ந்து ஆடிவிடும். ஏனோதானோவென்று இல்லை. அந்த ஆள் இதுவரை ஆடிய ஆட்டங்களைப் பார்த்து, அவர் வழக்கம் என்னவோ அதேபோல ஆடும், அவருடைய மறதியை மட்டும் விட்டுவிட்டு. எதிராளிக்குச் சொல்லாது. வண்டி நிற்கக் கூடாது அல்லவா? இந்த ஸ்பேர் விதி வந்த பிறகு அவளுடைய மாட்டுக்கு ஏகப்பட்ட கிராக்கி. பாதியில் விட்டுப் போகிற ஆட்களால் நின்றுபோகும் ஆட்டங்கள் எல்லாம் நிற்காமல் ஓடின.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் கரடியின் சேதி வருவது நின்றது. முறை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அக்கா விசாரித்தாள், பதில் இல்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டாள், பதில் இல்லை. நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா என்று கேட்டாள். முறை வந்தது, வரி வரவில்லை. அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கோபத்துக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. அவளும் எழுதுவதை நிறுத்தினாள். கரடியின் எண்ணெய்க் கிரகம் ஒன்றை வம்புக்கென்றே போய் அடித்தாள், திட்டவாவது வாயைத் திறக்கட்டும் என்று. கரடி வாயைத் திறக்காமல் அழகாகத் தடுத்து ஆடியது.

"இப்பல்லாம் நல்லா ஆடுதுடி. டேங்கரை மறக்கறதே இல்ல" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள். "என்மேல கோவம் வந்ததுக்கப்புறம் புத்தி வந்துடுச்சு போல."

"சரிக்கா. சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? கேஸ் இருக்கா? வெச்சிடட்டுமா?" என்றேன் நான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு போன் செய்வேன். ஒரு வாரமும் தவறியதில்லை, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. நான் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். நாள் பூராவும் போனில் பேசிப் பேசி, ஞாயிற்றுக்கிழமை வரும்போது வாய் தானாகவே ஓடும்.

பிறகு ஒருநாள் மத்தியானம் கிளினிக்குக்கு போன் வந்தது. டிப்போ கேன்டீன்காரர். டைம் அக்கா லீவு போட்டிருக்கிறார், போனையும் எடுக்கவில்லை, நீங்கள் ஒரு எட்டு வந்து பார்த்தால் தேவலை என்றார். அக்கா லீவு போட்டாள் என்று கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அம்மா செத்த அன்றைக்கே காரியத்தை முடித்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனவள் அவள்.

போய்ச் சேர்ந்தபோது கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தட்டில் காலையில் வைத்தது அப்படியே காய்ந்து கிடந்தது. என்னைப் பார்த்து, ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"இந்த விளக்கைப் பாரு" என்றாள்.

திரையில் கண்ணாடி போட்ட கரடிப் படம். அதன் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு சாம்பல் புள்ளி.

நடந்தது இதுதான். எதிரில் ஆடுவது ஆளா, ஸ்பேரா என்று தெரியவே மாட்டேன் என்கிறதே என்று யாரோ ஒருவர் மாட்டின் இணையப் பக்கத்தில் குறைபட்டிருக்கிறார். நியாயம்தானே என்று அக்கா ஒரு சின்ன விளக்கைச் சேர்த்திருக்கிறாள். ஆள் ஆடினால் பச்சை, ஸ்பேர் ஆடினால் சாம்பல். சரியாக எரிகிறதா என்று பார்க்கத் தன்னுடைய ஆட்டத்தையே திறந்திருக்கிறாள். கரடிக்குப் பக்கத்தில் சாம்பல் எரிந்திருக்கிறது. விளக்கில்தான் கோளாறு என்று நினைத்து முந்தைய முறையைத் திறந்திருக்கிறாள். சாம்பல். அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது, எல்லாம் சாம்பல். அந்த மழைக்காலம் வரைக்கும் பின்னால் போனதில்தான் பச்சை வந்திருக்கிறது. அந்தப் பச்சை முறையோடு கரடி அனுப்பிய கடைசி வரி: இங்கே மழை, உனக்கு?

"நான்தான்டி ஸ்பேரை ஏத்தி விட்டிருக்கேன்" என்றாள். "நானே எழுதின விதி. யாராவது வரலைன்னா தானா ஏறி உட்காரட்டும்னு எல்லா ஆட்டத்துக்கும் போட்டேன். என் ஆட்டத்துக்கும் அது பொருந்தும்னு தோணவே இல்ல. கரடி ஒருநாளும் தவறாதுன்னு இருந்துட்டேன்."

ஆட்டம் ஓடியது அக்காவின் கம்ப்யூட்டரில். ஆகவே எங்கேயோ தூர தேசத்திலிருந்து வந்ததாக அவள் நினைத்த ஒவ்வொரு முறையும், அவள் மேஜைக்கு அடியிலிருந்த பெட்டிக்குள்ளேயே போடப்பட்டிருக்கிறது. அவள் சண்டை போட்டது அதோடு. கோபித்துக்கொண்டது அதோடு. அந்த அறையில் இத்தனை நாளும் அவளைத் தவிர வேறு யாருமே ஆடவில்லை.

"அந்த ஆளுக்கு என்னாச்சாம்?"

"யாருக்குத் தெரியும்? விசாரிக்கணும்னா பேராவது தெரியணுமில்ல? ஆடற இடத்துல எல்லாம் எழுதிக் கேட்டுட்டேன். யாருக்கும் தெரியல. செத்துப் போச்சோ, அலுத்துப் போச்சோ. உடம்பு சரியில்லாம கிடந்ததோ என்னமோ. நான் பாட்டுக்கு அதோட எண்ணெய்க் கிரகத்தை அடிச்சுட்டு இருந்திருக்கேன்."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரியாத வேலையில் இறங்கினால் வழக்கம்போல வாய் முந்திக்கொள்ளும்.

"சரி விடுக்கா. இத்தனை நாள் வித்தியாசமே தெரியலையில்ல? அந்த ஸ்பேரே ஆடிட்டுப் போகட்டுமே. உனக்கும் பொழுது போகும்."

அக்கா நாற்காலியோடு திரும்பினாள்.

"நீயும் அப்படித்தானே ஓட்டறே" என்றாள். "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கேஸ் இருக்கா. போன வாரம் கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன். 'சரிக்கா, வெச்சிடட்டுமா'ன்னே. ஞாயித்துக்கிழமை பேசறது நீதானா, இல்ல ஸ்பேரா?"

சுருக்கென்றது. வேலையைப் போட்டுவிட்டு பஸ் மாறி பஸ் ஏறி ஓடி வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? எழுந்து போய்விடலாமா என்றுதான் இருந்தது. எழுந்து சமையல் மேடைக்குப் போனேன். அங்கே புது சிலிண்டர் மாட்டியிருந்தது. பால் பொங்கி வழியும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் கேஸ் தீர்ந்ததைச் சொன்னாளா என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

டீயோடு திரும்பியபோது அவள் ஏதோ ஒரு வரியை அழித்துக்கொண்டிருந்தாள். ஸ்பேர் விதி, அவளுடைய ஆட்டத்துக்கு மட்டும். அழித்ததும் நட்சத்திரங்களுக்கு மேலே ஒரு வாசகம் வந்து நின்றது. 'கரடிக்காகக் காத்திருக்கிறது.'

"இனிமே நகராதாக்கா?"

"நகராது."

"அப்ப என்ன பிரயோஜனம்?"

"நின்னா நிக்கட்டும்" என்றாள். "காத்திருக்கறதாவது நிஜமா இருக்கட்டும்."

வண்டி நிற்கக் கூடாது என்று வேலை நாள் பூராவும் கத்துகிறவள் சொன்னாள் இதை. டீயைக் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.

எனக்கு எங்கிருந்து அந்த வீம்பு வந்ததென்று தெரியாது. "எனக்கு ஓர் ஆட்டம் போடு" என்றேன்.

"உனக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா வராது."

"போடுங்கறேன்ல. அந்த ஸ்பேர் கீர் எல்லாம் வேணாம். நான் ஆடலைன்னா நிக்கட்டும்."

நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்தாள். பிறகு ஒரு புது ஆட்டத்தைத் திறந்து, கரடிப் படம் இருந்ததைப் போன்ற ஒரு கட்டத்தில் என் பெயரைத் தட்டினாள். சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட பட்டப்பெயர் அது. இப்போது அதை அறிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஊருக்குத் திரும்பியதும் என் வீட்டுக்காரர் எங்கள் கம்ப்யூட்டரில் அதை ஏற்றிக்கொடுத்தார். உட்கார்ந்தால் ஒன்றும் புரியவில்லை. எல்லாம் முக்கோணம் முக்கோணமாக இருக்கிறது. முதலில் வந்த முறையைப் பல நாள் தொடவே இல்லை. எனக்காகவும் அங்கே ஒரு வாசகம் நின்றுகொண்டிருக்கும் என்ற நினைப்பு கிளினிக்கில் பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் குத்தியது. கடைசியில் ஒருநாள் காலை அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கைக்கு வந்த முக்கோணங்களை எல்லாம் பிடித்து, பளிச்சென்று தெரிந்த ஒரு நட்சத்திரத்தைப் பார்க்க அனுப்பி வைத்தேன். குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

அப்படி நாலைந்து முறை ஆடி அனுப்பியிருப்பேன். ஒரு புதன்கிழமை மத்தியானம் போன் அடித்தது. கிளினிக்கில் கூட்டம். எனக்கு எதிரே ஒருவர் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பில்லுக்காக நின்றிருந்தார். திரையில் அக்கா பெயர். புதன்கிழமை அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தேன்.

"ஏண்டி, அறிவு இருக்கா உனக்கு?" என்று ஆரம்பித்தாள். "இருக்கிற சண்டைக் கப்பலை எல்லாம் ஒண்ணு விடாம அத்தனை தூரம் கிளப்பி விட்டிருக்கே. டேங்கர் பூரா வீட்டுல நிக்குது! பாதி வழியில எண்ணெய் தீர்ந்து எல்லாம் அந்தரத்துல நிக்குதுடி!"

"எது டேங்கர் எது சண்டைக் கப்பல்னு எனக்கென்னக்கா தெரியும்? எல்லாம் முக்கோணம்!"

"அதுமேலயே எழுதியிருக்கேடி கடங்காரி!"

சிரித்துவிட்டாள். அண்டம் நின்றுபோன அன்றைக்குச் சிரித்தாளே, அதே சிரிப்பு. மேஜைக்கு முன்னால் பஞ்சுக்காரர் முறைத்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

"கரடி?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது. "அது பாட்டுக்கு நிக்குது. தினமும் வந்ததும் ஒரு தடவை திறந்து பார்க்கறேன்."

அவள் வீட்டுக் கடிகாரம் போனில் கேட்டது.

"எனக்குப் பச்சை எரியுதாக்கா?"

"விளக்கை யாரு பார்த்தா?" என்றாள். "எந்த ஸ்பேரும் இவ்வளவு மோசமா ஆடாது. நீதான்."

பிறகு டிப்போவில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"எங்க டிப்போவுல இருந்து ஒரு டேங்கர் அனுப்பறேன். அங்கேயே நில்லு."